மார்த்தே அமெரிக்கா போகவில்லை: ரொம்சோஸிலிருந்து லீயர் வரை ஒரு தேடல்

கடந்த யூன் மாதம், கடைகளுக்கு நோர்வே ஸ்ட்ரோபெரி வரத் தொடங்கிய வாரம், நானும் வீட்டுக்காரரும் இரண்டு நாள் அலைந்து திரிந்தோம். முதல் நாள் ஒஸ்லோவுக்குள், மறுநாள் திராமன் பக்கம். தேடிப் போனது ஒரு பெண்ணை. நூறு வருடத்துக்கு மேலாகக் காணாமல் போயிருந்தவர். அதுவும் எங்கள் இரத்த உறவு இல்லை, எங்கள் சம்பந்தி ஸ்வைனுடைய அப்பப்பாவின் அம்மா. பெயர் மார்த்தே. நோர்வேயில் யாராவது உங்கள் சம்பந்தியின் பூட்டியைத் தேட உங்களை இழுத்துக்கொண்டு போனால் இந்தப் பதிவு உதவும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வைன் திராமனில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். அவருடைய மகனைத்தான் எங்கள் மகள் கட்டியிருக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனுசன். நானோ மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் காய்ச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

அவர்களுடைய குடும்பக் கல்லறைக் கல் பனிக்காலத்தில் சரிந்து வெடித்துவிட்டது. புதுக்கல் செய்யக் கொடுத்திருந்தார்கள். அப்பப்பா நில்ஸின் பெயருக்கு மேலே அவருடைய அம்மா மார்த்தேயின் பெயரையும் வெட்ட வேண்டும் என்பது ஸ்வைனின் ஆசை. மாட்டேன் என்று நின்றவர் அவருடைய அக்கா தூரிட். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், குடும்பக் கதைகளுக்கு அவர்தான் பொறுப்பு. இளவயதில் ஒருமுறை, கப்பலேறி அமெரிக்கா போனவர்களின் பட்டியலில் "மார்த்தே பிரெக்கே" என்ற பெயரைக் கண்டிருக்கிறார். அவர்களுடைய குடும்பப் பெயர் பிரெக்கே. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது: கல்யாணம் கட்டாமல் பெற்ற பிள்ளையை யாரோ வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பெண் கப்பலேறிவிட்டாள். பிள்ளையை விட்டவளின் பெயர் எங்கள் கல்லில் ஏறாது.

கல்வெட்டுகிறவர் திங்கட்கிழமைக்குள் பெயர்களைக் கேட்டிருந்தார். அதற்குள் மார்த்தே போகவில்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவள் பெயர் இல்லாமலே கல் எழும்பும். இதைச் சொல்லத்தான் ஸ்வைன் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார்.

"அக்கா சொல்லுறது சரியாயும் இருக்கலாம். ஆனா எனக்கு அப்பிடிப் படேல்லை" என்றார்.

(ஸ்வைனும் மற்ற நோர்வேக்காரரும் கதைப்பது எல்லாம் நொஸ்க், அதாவது நோர்வே மொழி. நான் எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். நொஸ்கில் எல்லாருக்கும் "நீ"தான். சம்பந்தி என்பதால் "நீங்கள்" போட்டிருக்கிறேன், மரியாதை என் செலவு.)

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருக்கும் ரொம்சோஸில் ரயில் ஏறினோம். போக வேண்டிய இடம் சொங்ஸ்வான், நிலக்கீழ் ரயிலின் கடைசித் தரிப்பு. பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அரசாங்கக் காப்பகம் அதற்குக் கிட்டத்தான். ஐந்தாம் இலக்க ரயில் நேரே போகும் என்று வீட்டுக்காரர் ஏற்றினார். போகும்தான், ஆனால் நகரத்தை ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போகும். எங்கள் ஆட்கள் மரக்கறி வாங்கும் குறொன்லாண்டை இரண்டாம் தரம் கண்டபோது, "இஞ்சருங்கோ, மரக்கறி வாங்க மறந்துபோச்செண்டு திருப்பிக் கொண்டுவந்தவனோ?" என்று கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மயூர்ஸ்தூவன் தரிப்பில் இறங்கி மாறுங்கள், முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஒற்றை ரிக்கெற் நாற்பது குரோனர் சொச்சம்.

தரிப்பிலிருந்து காப்பகத்துக்கு நடை தூரம்தான், திராமனிலிருந்து வந்த ஸ்வைன் வாசலில் நின்றார். நுழைவுக்குக் காசில்லை. பை, கோட், சாப்பாடு எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான், பேனைக்குத் தடை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இந்த வயதில் மறுபடி பென்சில் பிடிப்பேன் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன ரோல்ஸ் பையைப் பூட்டிவிட்டு, அது பத்திரமாக இருக்கிறதா என்று அரை மணிக்கொருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பழைய குடிசன மதிப்பீடு எல்லாம் கணினியில் கிடக்கிறது. 1900ஆம் ஆண்டினதைத் திறந்ததும் மார்த்தே உடனே வந்துவிட்டாள். லீயர் என்ற ஊர், பிரெக்கே என்ற பண்ணை. தகப்பன் ஓலெ, தாய், மகள் மார்த்தே ஓல்ஸ்தாத்தர், வயது 23, கல்யாணம் ஆகவில்லை. கீழே நில்ஸ், வயது 1. ஸ்வைன் திரையில் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

ஓல்ஸ்தாத்தர் என்றால் ஓலெயின் மகள். அட, எங்களைப் போலவே தகப்பன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. பக்கத்துப் பண்ணைகளைப் புரட்டினால் காரி ஓல்ஸ்தாத்தர், ஆன்னே ஓல்ஸ்தாத்தர், இங்கெபோர்க் ஓல்ஸ்தாத்தர் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். "சம்பந்தி, மார்த்தேக்கு அஞ்சு சகோதரியள்! எழுதுங்கோ!" என்றேன். பாவம், அவரும் பென்சிலால் ஐந்து பெயரையும் எழுதினார். அதில் ஒருத்தி வீட்டிலாவது மார்த்தே பின்னாளில் போய் இருந்திருப்பாள் என்று நான் வழியும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அங்கே உதவிக்கு நிற்கும் பெண் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்த ஊரிலை ஓலெ எண்டு எத்தனை பேர் இருந்திருப்பினம் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. "இஞ்சரும், ஊரிலை இருக்கிற கந்தையாமாரின்ர பிள்ளையள் எல்லாரையும் ஒரே வீட்டிலை குடியேத்திப்போட்டீர்" என்றார். ரயிலில் நான் விட்ட பகிடிக்குச் சரியாகிவிட்டது.

அடுத்தது 1910. நில்ஸ் அகப்பட்டான். வயது 11, ஹாகா என்ற பண்ணையில் வளர்ப்புப் பிள்ளை. மார்த்தே பிரெக்கே என்று தேடினால் ஒருவரும் இல்லை. பிரெக்கே பண்ணையில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஸ்வைன் கதிரையில் சாய்ந்துவிட்டார். "அக்கா சொன்னது சரிதான்" என்றார். அந்த நாளின் நீளமான வசனம் அது.

அந்தப் பெண் விடவில்லை. தூரிட் அக்கா பார்த்த கப்பல் பட்டியலை எடுத்தார். அதில் மார்த்தே பிரெக்கே இருந்தாள், 1902ஆம் ஆண்டு. வரியின் கடைசியில் வயது போட்டிருந்தது: 19. தூரிட் அக்கா பெயரையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"1900இலை இருபத்துமூண்டு, ரெண்டு வருசத்தாலை பத்தொம்பது" என்றேன். "அமெரிக்காவுக்கு வெளிக்கிட்டால் வயசு குறையுமெண்டால் நானும் ஒரு ரிக்கெற் போடுறன்."

ஸ்வைன் நிமிர்ந்தார். அது வேறு மார்த்தே! அப்படியென்றால் எங்கள் மார்த்தே எங்கே?

அப்போதுதான் அந்தப் பெண் விசயத்தை விளக்கினார். பிரெக்கே என்பது அவளுடைய பெயர் அல்ல, அவள் இருந்த பண்ணையின் பெயர். அந்தக் காலத்தில் நாட்டுப்புறத்தில் எந்தப் பண்ணையில் இருக்கிறீர்களோ அதுதான் பெயரின் பின்னால் ஒட்டும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். நில்ஸ் வளர்ந்து, தான் பிறந்த பண்ணையின் பெயரை வைத்துக்கொண்ட பிறகுதான் பிரெக்கே நிரந்தரக் குடும்பப் பெயராகியிருக்கிறது. எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வளவுக்கும், அதாவது வீட்டுக் காணிக்கும், ஒரு பெயர் உண்டு, ஆளையும் அந்தப் பெயரால்தான் சொல்வோம். வளவை விற்றுவிட்டால் அந்தப் பெயரைக் கூடவே காவிக்கொண்டா போகிறோம்?

"சம்பந்தி, இவ்வளவு காலமும் நீங்கள் ஆளைத் தேடேல்லை, விலாசத்தைத்தான் தேடியிருக்கிறியள்" என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டோம். முதற்பெயர் மார்த்தே, பிறந்த ஊர் லீயர். 1910 மதிப்பீட்டில் பிறந்த திகதி முழுதாக இருக்கும். அவளுடைய திகதியை ஞானஸ்நானப் பதிவிலிருந்து அந்தப் பெண் எடுத்துத் தந்தார். தேடு என்று அழுத்தினோம்.

ஒரே ஒரு வரி வந்தது. மார்த்தே ஓல்ஸ்தாத்தர் மீர்வோல். கல்யாணம் ஆகவில்லை. மாட்டுக்கொட்டில் வேலைக்காரி. அதே திகதி, அதே ஊர். வரைபடத்தில் மீர்வோல் பண்ணையைத் தேடிய அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நில்ஸ் வளர்ந்த ஹாகாவுக்கு அடுத்த பண்ணை அது.

ஸ்வைன் பென்சிலை வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். நான் பகிடி விடவில்லை. எனக்கும் இடம் பொருள் தெரியும்.

கிட்டவே பெரிய ஏரி இருக்கிறது, கரையில் உட்கார வாங்குகள் இருக்கின்றன. மிச்சமிருந்த ரோல்ஸை அங்கே சாப்பிட்டோம். அங்கிருந்தே ஸ்வைன் அக்காவுக்கு எடுத்தார், எல்லாரும் கேட்கும்படி போனைப் போட்டார். கப்பலில் போனவளின் வயதையும் மார்த்தே பக்கத்துப் பண்ணையில் இருந்ததையும் சொன்னார். பிறகு தூரிட் அக்கா கேட்டார்: "பக்கத்துப் பண்ணை எண்டால் எவ்வளவு பக்கம்?"

"அடுத்தது அக்கா."

"அங்கையெல்லாம் மலைக்கு அங்காலை இருக்கிறதும் அடுத்ததுதான். போகேல்லை எண்டது சரி. பிள்ளையோடை இருந்தவ எண்டு அதுக்கு அர்த்தமில்லை. நாளைக்கு நான் நேரிலை பாக்கவேணும்."

மறுநாள் சனிக்கிழமை. ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து திராமன் நாற்பது கிலோமீற்றர், ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள். ரிக்கெற்றைப் போனிலேயே வாங்குங்கள். இடது பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள், நடுவில் கொஞ்ச நேரம் கடல் தெரியும். திராமனில் ஸ்வைன் தன் வேலை வானோடு நின்றார். முன்னுக்கு மூன்று இருக்கை. நடுவில் நான், பின்னுக்குக் குழாய்கள் கலகலவென்று அடித்துக்கொண்டு வந்தன. "மேளத்தோடை கூட்டிக்கொண்டு போறார்" என்றார் வீட்டுக்காரர். அங்கிருந்து லீயர் பள்ளத்தாக்குக்குப் பதினைந்து கிலோமீற்றர். இரண்டு பக்கமும் முட்டைக்கோவாவும் ஸ்ட்ரோபெரியும்தான். வாகனம் இல்லாதவர்களுக்குத் திராமனிலிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் சனி ஞாயிறில் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள்.

மீர்வோல் இன்றைக்கும் பண்ணைதான். வாசல் படலையடியில் தூரிட் அக்கா எங்களுக்கு முன்னமே வந்து, மலை ஏறும் சப்பாத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தள்ளுவண்டியில் ஸ்ட்ரோபெரி அடுக்கிக்கொண்டிருந்த பண்ணைக்காரரிடம் விசயத்தைச் சொன்னோம். பூட்டியைத் தேடி ஒரு பிளம்பரும் இரண்டு தமிழரும் வந்திருக்கிறார்கள் என்பதை அவர் நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மேலே தகரம் புதிது, கீழே கல் அத்திவாரம் பழையது. அந்தக் காலத்திலும் மாட்டுக்கொட்டில் இதே இடத்தில்தான் என்றார்.

"ஹாகா எங்கை?" என்று கேட்டார் தூரிட் அக்கா.

அவர் கையை நீட்டினார். புல்வெளி, ஒரு சின்ன நீரோடை, அதற்கு அங்கால் மஞ்சள் வீடு. முற்றத்தில் கொடியில் காய்ந்த உடுப்பைக் கூட எண்ணலாம்.

தூரிட் அக்கா வேலி வரைக்கும் போனார். நாங்கள் பின்னால் நின்றோம். திடீரென்று இரண்டு கையையும் வாயில் குவித்து, தபால் கந்தோரில் வரிசையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில், "நில்ஸ்!" என்று கத்தினார்.

வீட்டுக்காரர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துவிட்டார். அங்கே மஞ்சள் வீட்டு முற்றத்தில் குனிந்து நின்ற யாரோ ஒருவர் நிமிர்ந்தார். எங்கள் பக்கம் பார்த்தார். கையை ஆட்டினார்.

தூரிட் அக்காவும் கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே நின்றார். அந்த மனுசர் அலுத்துப்போய் உள்ளே போன பிறகும் ஆட்டினார்.

"கூப்பிட்டால் கேக்கும்" என்றார் திரும்பி வந்து. மூக்கைத் துடைத்தார். "பிள்ளையோடை வேலைக்காரியை ஒரு வீட்டிலும் எடுத்திருக்க மாட்டினம். அதாலை கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலை வேலை எடுத்திருக்கிறா. நான் நாப்பது வருசமா அந்த மனுசியைத் திட்டிக்கொண்டு இருந்தனான்."

"அக்கா, அப்ப கல்லிலை?" என்றார் ஸ்வைன்.

"வெட்டச் சொல்லு."

"என்னெண்டு வெட்டுறது? பிரெக்கே எண்டோ, மீர்வோல் எண்டோ?"

தூரிட் அக்கா யோசிக்கவே இல்லை. "ரெண்டும் வேண்டாம். மார்த்தே, நில்ஸின்ர அம்மா. அவ்வளவு மட்டும் போடு."

ஸ்வைன் அந்த இடத்திலேயே கல்வெட்டுகிறவருக்கு எடுத்தார். சனிக்கிழமை எடுத்ததற்கு அந்த மனுசர் புறுபுறுத்தது எங்களுக்கும் கேட்டது. பண்ணைக்காரர் நான்கு பெட்டி ஸ்ட்ரோபெரி தந்தார், காசு வாங்கவில்லை. வானில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் திராமன் வருமுன் ஒன்று காலி. யார் என்று நான் சொல்ல மாட்டேன், மீசையில் சிவப்பு இருந்தது.

இனித் தேடப் போகிறவர்களுக்கு. பழைய குடிசன மதிப்பீடுகள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, வீட்டிலிருந்தும் பார்க்கலாம். நாங்கள் காப்பகத்துக்குப் போனது கேட்டறிய ஓர் ஆள் தேவைப்பட்டதால்தான், அந்த ஆள் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் ஓலெயின் மகள்மாரை எண்ணிக்கொண்டிருப்பேன். வார நாட்களில் போங்கள், திறக்கும் நேரத்தை முதலே பாருங்கள். பெண்ணைத் தேடுகிறவர்கள் பின்பெயரை நம்ப வேண்டாம். முதற்பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், இந்த மூன்றும் போதும். பெயர் பொருந்தினால் துள்ள வேண்டாம், வயதையும் பாருங்கள். காகிதத்தில் கண்டுபிடித்ததோடு நின்றுவிடாமல் அந்த இடத்துக்கு ஒருக்கால் போய் வாருங்கள். மார்த்தே மாட்டுக்கொட்டிலில் வேலை செய்தாள் என்று பதிவு சொன்னது. அந்தக் கொட்டிலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அது சொல்லவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் கல்லை நாட்டினார்கள், நாங்களும் போனோம். லீயரில் வயல்களுக்கு நடுவே வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. பஸ் அதன் வாசலிலேயே நிற்கும். படலையால் உள்ளே போய் வலது பக்கம், மூன்றாவது வரிசை, புதுக்கல் என்பதால் தெரியும். மேலே மார்த்தே, அதற்குக் கீழே நில்ஸ். தூரிட் அக்கா சிவப்புப் பூக்கன்று நட்டிருக்கிறார், அங்கே வெயில் நேராக அடிக்கும். குழாயடியில் பச்சை நிறத் தண்ணீர் வாளிகள் கொளுவியிருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு வாளி ஊற்றிவிட்டு வாருங்கள்.