பார்க்காமல் எழுதிய ஐந்து ஞாயிறுகள்

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்து நான்கு வருடமாக ஆண் செவிலியராக இருக்கிறேன். ஊசி போடும்வரை 'சார்', போட்ட பிறகு 'யோவ்' என்று அழைக்கப்படும் உத்தியோகம். பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனார் நான் என்ன வேலை செய்கிறேன் என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். மூன்றாம் முறை அவர் வாயெடுத்தபோது என் அண்ணன் குறுக்கிட்டு, "டாக்டருக்கு அடுத்தது இவன்தாங்க" என்று முடித்துவைத்தார். அந்த 'அடுத்தது' வரிசையில் எத்தனை பேர் நிற்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை.

மருத்துவமனையில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருப்பது ஒரே விஷயத்தில்தான். படுத்த படுக்கையாக ஒரு நோயாளி வந்தால், முதல் மணி நேரத்துக்குள் அவர் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து ஒரு படிவத்தில் குறிக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறார், எடை குறைந்திருக்கிறதா, தானாகப் புரள்கிறாரா, படுக்கை நனைகிறதா. பிறகு தோல். பின்னந்தலை, தோள்பட்டை, முதுகின் அடி, குதிகால். எலும்பு படுக்கையை அழுத்தும் இடமெல்லாம் புண் காத்திருக்கும் இடம். பயிற்சிக்கு வரும் பெண்களிடம் வருடா வருடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவேன்: "கேட்டு எழுதாதீங்கம்மா, பாத்து எழுதுங்க." அப்போது மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொள்வேன். நான் நகர்ந்ததும் அவர்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஒருமுறை மறைந்து நின்று பார்த்தேன். நன்றாகவே நடித்தார்கள்.

போன மாசியில் அண்ணன் வண்டி சறுக்கி விழுந்தார். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்; முந்திரித் தோப்புக்குப் போகும் செம்மண் பாதையில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து, தகடு வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பரீட்சையில் தோற்றதற்கு அடித்தது, அடித்த கையோடு பரோட்டா வாங்கித் தந்தது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதாகியும் அவர் எதிரில் நான் லுங்கியை மடித்துக் கட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பஸ் மாறிப் போனேன். பையில் ஒரு தடித்த ரஷ்ய நாவல் இருக்கும். அதில் ஒரு மனிதர் நூறு பக்கமாகப் படுக்கையில் கிடந்தார். கூடவே மருத்துவமனையிலிருந்து எடுத்துக்கொண்ட படிவங்கள் சில. சொந்த அண்ணனுக்கு முறையாகச் செய்கிறோம் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. அந்தப் பெருமிதத்தோடு அவர் அறை வாசல்படியில் நின்று கேட்பேன்.

"சாப்புட்டீங்களாண்ணே?"

"ஆச்சு."

"முதுகுல எரிச்சல், வலி ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல. நீ போயி சாப்புடு."

நான் போய்ச் சாப்பிட்டேன். அண்ணி எனக்கென்று மீன் வாங்கி வைத்திருப்பார். அண்ணனுக்கு ரசமும் குழைந்த சோறும். தையல் போட்ட உடம்புக்கு முட்டை, மீன், பருப்பு எதுவும் ஆகாது, சீழ் வைத்துவிடும் என்பது அண்ணியின் வீட்டுச் சட்டம். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் சட்டம். புண் ஆற வேண்டுமானால் அவற்றைத்தான் அதிகம் தர வேண்டும் என்று நான் வார்டில் தினமும் சொல்பவன். முதல் ஞாயிறு அண்ணியிடமும் சொன்னேன். அவர் தம் அம்மாவையும், சித்தப்பாவின் காலையும், சீழ் பிடித்த கதையையும் சொன்னார். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. தட்டில் வஞ்சிரம் ஆறிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். நோயாளியின் உணவை மதிப்பிட வந்தவன் நோயாளிக்கு வர வேண்டியதை உட்கார்ந்து தின்றுவிட்டு, படிவத்தில் 'உணவு: போதுமானது' என்று எழுதினேன். யாருக்கு என்று படிவம் கேட்கவில்லை.

தோல் என்ற கட்டத்தில் 'நலம்' என்று எழுதினேன். ஐந்து ஞாயிறும் எழுதினேன். அண்ணனின் வேட்டியை விலக்கிப் பார்ப்பது என்ற ஒன்று என் கற்பனைக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்ததும் பேனாவை எடுத்து எழுதிவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உடம்பு போட்டுவிட்டார் என்றே சொன்னார்கள். கால்கள் மினுமினுவென்று உருண்டிருந்தன. விரலில் இருந்த மோதிரம் கழலவில்லை என்று அண்ணி சந்தோஷமாகச் சொன்னார். படுத்துக்கொண்டே தின்றால் யாருக்கும் சதை பிடிக்கும் என்று அண்ணனும் சிரித்தார்.

ஆறாவது ஞாயிறு அறை வாசலில் அந்த நாற்றம் வந்தது. சித்திரை மாதம், தோப்புகளில் முந்திரிப்பழம் விழுந்து அழுகும் காலம். அந்தப் புளித்த வாடை ஊரெங்கும் இருக்கும். அதுதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்து நான்கு வருடம் முகர்ந்த மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போனேன். அவர் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி, எடுத்தேன். மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றது. சதை இல்லை, நீர். மேல்கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் என்னைத் தூக்கிய கை. என் ஒரு பிடிக்குள் அடங்கியது.

திரும்பிப் படுங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.

"உங்கண்ணி பாத்துக்குவா. நீ வெளிய போ."

மருத்துவமனையில் நான் பார்க்காத உடம்பா, ஆயிரம் பேருக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அவங்கள்லாம் உன்னத் தூக்கி வளத்தவங்களாடா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

அண்ணியைப் பார்த்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் சிவப்பாக இருந்தது, தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போட்டேன், போன வாரம் கறுத்துவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க தம்பி. சொன்னா நீங்க பாக்கணும்பீங்களாம்."

நான் படுக்கையில் உட்கார்ந்தேன். அவருக்குச் சமமாக அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வார்டில் குடும்பத்தாரிடம் சொல்வதை அவரிடம் சொன்னேன்: இது எலும்புவரை போகும், ரத்தத்தில் கலக்கும், அப்புறம் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அவர் மோட்டு வளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவச் சாத்து" என்றார்.

சுவர்ப் பக்கமாக அவரைப் புரட்டினேன். இடுப்புக்கடியில் அண்ணி பழைய புடவையைச் சுருட்டி வளையமாக வைத்திருந்தார். மெத்தென்று இருக்கட்டும் என்று வைத்தது, சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. ஓரம் பிரிந்து ஈரமாக இருந்தது. நான் அதைவிட மோசமானதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்றையும் 'நலம்' என்று ஐந்து முறை எழுதியதில்லை.

அன்று மதியமே ஆம்புலன்ஸில் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தோம். வார்டில் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி படிவத்தோடு வந்து, தலையிலிருந்து கால்வரை பார்த்து, அளவுகோல் வைத்து அளந்து எழுதினாள். இதற்கு முன் வீட்டில் யாராவது பார்த்தார்களா என்று என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்; நான் சொல்லிக்கொடுத்தது. பையிலிருந்த ஐந்து தாள்களையும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் கோப்பில் வரிசையாகக் குத்தி வைத்தாள். அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு என்னை நடித்துக் காட்டிச் சிரித்ததாகத் தெரியவில்லை. சிரித்திருக்கலாம் என்று இருந்தது.

ரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்திருந்தது. மறுநாள் செத்த சதையை வெட்டியெடுத்தார்கள். புண் எலும்பைத் தொட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொட்டிருந்தால் அண்ணன் பிழைத்து வருவது சந்தேகம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெளியே பெஞ்சில் அண்ணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நாந்தான் கெடுத்துட்டனா தம்பி? ஒரு முட்ட குடுக்காம?"

ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும். காலம் முழுக்க அவர் சுமந்திருப்பார். நான் நல்ல பெயரோடு இருந்திருப்பேன். அவ்வளவு கெட்டவனாக இருப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அதுவும் இல்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்க அண்ணி. எனக்குத் தெரியும். நான் பாக்கல."

அவர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார்.

எலும்பைத் தொடவில்லை. ஒரு விரற்கடை மிச்சம் என்றார் டாக்டர்.

இது ஐப்பசி. புண் இன்னும் மூடவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்திருக்கிறது. காலையில் இரண்டு முட்டை, மதியம் பருப்பு, கிடைத்த நாளில் மீன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கொல்லைவரை நடக்கிறார். முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று அண்ணியிடம் சண்டை போடுகிறார். அண்ணி முழுதாகத் தின்னும்வரை நகர்வதில்லை. ஞாயிறு நான் போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவர் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வேட்டியைத் தளர்த்திவிடுகிறார். நான் கை கழுவி, பார்த்து, அளந்து, கட்டுப் போட்டு முடிக்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முகம் பார்த்து, "எப்ப வந்த?" என்று அவர் கேட்பது அதற்குப் பிறகுதான்.