கரை தெரியாத படங்கள்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் நான்கு வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். வாரம் முழுக்க கம்ப்யூட்டரை முறைத்த கண்ணுக்கு ஞாயிறு காலையில் அது ஒன்றுதான் ஆறுதல். அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழி மட்டும் எழுநூறு படம் இருக்கும். அத்தனையும் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். அந்தச் சுத்தம்தான் வினையாகப் போயிற்று.

போன ஆடியில் கிழக்குக் கரையோரம் லாரி லாரியாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள். பிறகு யாரோ கம்பி வேலி போட்டு, இது எப்போதுமே மேடுதான், தண்ணீர் நின்றதே இல்லை என்றார்கள். எருமை மேய்க்கும் அண்ணன் ஒருவர் தன் ஒன்பது எருமைகளையும் இறக்குவது அங்கேதான். தண்ணீரில் கிடக்காமல் எருமைக்கு வெயில் தாங்காது. இடம் போனால் அவர் மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை.

தாலுகா ஆபீசில் மனு கொடுக்கப் போனவரிடம், தண்ணீர் நின்றதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார் அதிகாரி. அண்ணன் அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"நீதான சார் வாராவாரம் புடிச்சிகினு கீற. ஒரே ஒரு போட்டோ குடு, போதும்."

இதென்ன பெரிய விஷயம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு மணி நேரம் தேடினேன். பறவை இருக்கிறது, அல்லி இலை இருக்கிறது. கரை இல்லை, மின்கம்பம் இல்லை, எங்கள் ஃப்ளாட் இல்லை. மனிதச் சுவடு தெரிந்தால் எங்கள் பறவைக் குழுவில் படத்தை மதிக்க மாட்டார்கள். அதனால் ஓரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, இடம் போதவில்லை என்று அசல் படங்களையும் அழித்திருந்தேன். வெட்டும் வேலைகூட இருக்கக் கூடாதென்று, மாட்டைக் கொஞ்சம் தள்ளி ஓட்டுங்கண்ணே என்று அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் முகம் கோணாமல் ஓட்டினார். நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. குஞ்சுகளோடு இலைக்கோழி நிற்கும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இது அதே இடம்தான் என்று பின்னால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். உதவாது என்று தெரியும். கூடப் போக லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு கேட்கவேயில்லை என்பதுதான் உண்மை.

அவர் படத்தோடு போன அன்று சாயங்காலம் நான் போன் செய்தபோது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"படம் ஷோக்கா கீதுன்னாரு சார். எந்த நாடுன்னு கேட்டாரு. நம்ம ஏரின்னேன். சிரிச்சிகினே திருப்பிக் குடுத்துட்டாரு."