எனக்கு ஒரு தப்பு விடை வேண்டும்

பெரியவளே, சின்னவளே, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஆட்டோ ஓட்டுகிற உங்கள் அப்பா கணக்குக் கேள்வி தயாரித்த கதை இது. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டாம். சிரிக்கிற இடம் தனியாக வரும்.

பெரியவளே, நீ அப்போது ஏழாம் வகுப்பு. உங்கள் கணக்கு டீச்சர் வகுப்புக் குழுவில் ஆன்லைன் க்விஸ் லிங்க் அனுப்புவார். நான் சவாரி முடித்து வந்ததும் என் போனை வாங்கிக்கொண்டு உட்காருவாய். ஒரு சாயங்காலம் பின்னக் கணக்கு வந்தது. காலில் பாதி எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நீ முக்கால் என்று அழுத்தினாய். சிவப்பாக 'தவறு' என்று வந்தது. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. போனைக் கவிழ்த்து வைத்தாய்.

"எனக்குக் கணக்கு வராதுப்பா. இனிமே லிங்க் வந்தா என்கிட்ட காட்டாத."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். நீ அழவில்லை. எனக்குப் பாகற்காய் வேண்டாம் என்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாய். இந்தப் பெண் இனிமேல் கணக்குப் பக்கமே திரும்ப மாட்டாளோ என்று பயம் வந்துவிட்டது.

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தேன். "தப்புன்னு மட்டும் சொல்லுதுங்க மேடம். எங்க தப்புன்னு சொல்ல மாட்டேங்குது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு விடைக்குக் கீழயும் பின்னூட்டம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல எழுதலாம். எனக்கு இருக்கிற வேலைக்கு எழுத முடியல. உங்க பொண்ணுக்கு நீங்களே ஒரு க்விஸ் பண்ணிப் பாருங்களேன்" என்று சொல்லி, எங்கே தொட வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பின்னூட்டம் என்கிற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். ஊட்டுவது என்றால் எனக்குத் தெரியும், உங்கள் இருவருக்கும் ஊட்டியிருக்கிறேன். தப்பு செய்த பிறகு ஊட்டுவது போலிருக்கிறது என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

என் முதல் க்விஸ் மகா மட்டம். பதினைந்தில் பாதி எவ்வளவு என்று கேட்டு, ஏழரை, ஆயிரம், பூஜ்யம், தொண்ணூறு லட்சம் என்று நான்கு விடை போட்டிருந்தேன். நீ போனை வாங்கவே இல்லை. சின்னவள் வாங்கி டக்கென்று ஏழரையைத் தொட்டாள். அவளுக்கு அப்போது அரை என்றால் என்னவென்றே தெரியாது.

"மத்ததெல்லாம் லூசு மாதிரி இருந்துச்சுப்பா, அதான்" என்றாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே நீ எட்டிப் பார்த்துச் சொன்னாய்: "அப்பா, தப்புனா நம்புற மாதிரி இருக்கணும்பா."

அது எனக்குச் சுருக்கென்றது. வாஸ்தவம்தான். உங்கள் அம்மாவிடம் போய், "எனக்கு ஒரு தப்பு விடை சொல்லேன்" என்று கேட்டேன். அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் மெஷினை நிறுத்தாமல் சரியான விடையையே சொன்னாள்.

"தப்பா சொல்லுன்னா ஒழுங்கா சொல்றியே!"

"தப்பா சொல்ல எனக்கு வராதுங்க. அதுக்கு உங்க ஸ்டாண்டு ஆளுங்க இருக்காங்க இல்ல?" என்றாள்.

அப்படித்தான் செங்கம் ரோட்டில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் நான் தப்பு விடை வசூல் ஆரம்பித்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினைந்தில் பாதி என்ன அண்ணே என்றேன்.

"இன்னாபா நீ, இன்னும் போணியே ஆவல. காலங்காத்தால என் வாயில ஏழரைய வர வைக்கிறியே! எட்டுனு வெச்சுக்கோ. அரை ஜாஸ்தி ஆனா பரவால்ல, ஏழரை மட்டும் வேணாம்."

சனி பிடித்துவிடும் என்று பயந்து ஒருவர் கணக்கையே மாற்றிவிட்டார். அந்த எட்டை அப்படியே எழுதிக்கொண்டேன். இன்னொருவர், எட்டில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா என்றதற்கு, "எட்டு ஜாஸ்தி, நாலு கம்மி. இதுகூடத் தெரியாதா?" என்று என்னையே திட்டினார். அதுவும் வசூல். வேண்டுமென்றே தப்பு சொல்லச் சொன்னால் யாருக்கும் வரவில்லை. சும்மா கேட்டால் அருமையாக வந்தது.

கடைசியாக ஸ்டாண்டு எதிரில் டீக்கடை பாயிடம் போனேன்.

"பாய், அரைக்கால் லிட்டர் பாலுன்னா எத்தனை மில்லி?"

"அரைக்கால் டவுசர்தான்யா எனக்குத் தெரியும்" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அரை ஐந்நூறு. கால் இருநூத்தம்பது. அரை, கால். எழுநூத்தம்பது!"

பெரியவளே, நீயும் இதைத்தானே செய்தாய்? காலில் பாதி என்று கேட்டதும் உன் மனசு அரை, கால் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டியிருக்கிறது. அதுதான் முக்கால். நீ குத்துமதிப்பாக அழுத்தவில்லை. ஒரு கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய், கேட்ட கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்கை. பாயை அப்படியே கட்டிப்பிடித்தேன். "விடுய்யா, பால் பொங்குது" என்றார்.

அன்று சாயங்காலம் புது க்விஸை உன் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஸ்டாண்டு ஆளுங்க எல்லாம் சேர்ந்து பண்ணினது" என்று மட்டும் சொன்னேன். யார் என்ன உளறினார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் நீ போனை எடுத்தாய். முதல் கேள்விக்கு எட்டைத் தொட்டுப் பார்த்தாய். 'ஏழரைக்குப் பயந்து எட்டுக்கு ஓடிவிட்டாயா? கணக்கில் சனி கிடையாது, தைரியமாகத் திரும்பி வா' என்று வந்தது. கெக்கெக்கே என்று சிரித்தாய்.

பிறகு அரைக்கால் லிட்டர் வந்தது. நீ சிரிப்பை நிறுத்திவிட்டு எழுநூற்றைம்பதைத் தொட்டாய். கட்டத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'அரையையும் காலையும் கூட்டியிருக்கிறாய். கூட்டல் சரி. ஆனால் அரைக்கால் என்றால் காலில் அரை. கால் லிட்டர் பாலை எடுத்து இரண்டு டம்ளரில் சமமாக ஊற்று. ஒரு டம்ளரில் எவ்வளவு?'

நீ விரலால் தரையில் இரண்டு டம்ளர் வரைந்தாய். "நூத்தி இருபத்தஞ்சு" என்று முணுமுணுத்தாய். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நான் இப்படித்தான் கூட்டுவேன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"டீக்கடை பாயும் அப்படித்தான் கூட்டினாரு."

"பாயுமா?" என்று உன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "அப்போ டீச்சரோட லிங்க்கை எடுப்பா, அதையும் பாத்துடலாம்" என்றாய். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் ஸ்டாண்டில் மற்ற வண்டிகளெல்லாம் சவாரி போயிருந்தன. நான் மட்டும் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா போனிலிருந்து ஒரு லிங்க் வந்தது. நீ எனக்காகவே தயாரித்த க்விஸ்.

'அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று அப்பா போனில் சொன்னார். அதைப் போல மூன்று மடங்கு நேரம் கழித்து வந்தார். எத்தனை நிமிடம் கழித்து வந்தார்?'

தொண்ணூறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைத் தொடவில்லை. முப்பத்து மூன்றைத் தொட்டேன். 'மூன்றைக் கூட்டிட்டப்பா. மடங்குனா பெருக்கணும், பரவால்ல' என்று வந்தது. பத்தைத் தொட்டேன். 'வகுத்துட்ட. இவ்வளவு சீக்கிரம் நீ எப்பவாவது வந்திருக்கியா?' என்று வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இன்னொரு தப்பு விடையையும் தொட்டேன்.