கோயில் சர்வரில் இடமில்லை

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்கு ஓர் இணையதளம் உண்டு. தோட்டம் கைமாறி, ஆட்கள் லாபிஸ், சாஆ என்ற பக்கத்து ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிய பிறகு, திருவிழாத் தேதி எல்லாருக்கும் போய்ச் சேர அது ஒன்றுதான் வழி. அந்தத் தளம் இருக்கும் சர்வரை நான் ஒரு கண்ட்ரோல் பேனல் வழியாகக் கவனித்துக்கொள்கிறேன். யாருக்கு மின்னஞ்சல் பெட்டி, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எதை நிறுத்தலாம், எதை அழிக்கலாம் என்று எல்லாம் ஒரே திரையில் தெரியும். மாவட்ட அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு வேண்டும்?

விதிமுறை விளக்கும் சுற்றறிக்கைகளை நான் அனுப்புவேன். மக்கள் எழுதும் கடிதங்களுக்கு என் மனைவி பதில் எழுதுவாள்.

"உங்க சர்க்குலர யாருங்க படிக்கிறாங்க? எடத்த அடைக்கத்தான் லாயக்கு" என்பாள்.

அவள் போய், கருமாதியும் முடிந்தபின், கோயில் தலைவர் ஃபோன் செய்தார். என்னைவிட இளையவர்.

"அண்ணே, புது மெயில் ஒண்ணும் உள்ள வரமாட்டேங்குது. எடம் ஃபுல் லா. திருவிழா வேற வருது. இன்னும் சனங்க அண்ணி அட்ரஸுக்கே எழுதிட்டு, பதில் காணோம்னு என்னைய ஏசறாங்க. அண்ணி பெட்டிய எடுத்துருங்களேன்."

"பேக்கப் எடுக்காம எதையும் அழிக்கக்கூடாது தம்பி. அதான் முறை."

"அலமாக், ஒரு பட்டன்தானே அண்ணே! இதுக்கு எந்த ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும்?"

பேனலைத் திறந்தேன். பெரிய பெட்டி அவளுடையது. அடுத்தது என்னுடையது. அவளுடையதற்குப் பேக்கப் எடுக்கச் சொன்னேன். பாதியில் நின்றது. பிரதியை முதலில் சர்வரிலேயே எழுதி வைத்துத்தான் கீழிறக்க முடியும். அதற்கு அங்கே இடமில்லை. எதையாவது அழித்தால்தான் அவள் கடிதங்களைக் காப்பாற்றலாம்.

என் பெட்டியை அழித்தேன். கோயில் வளாகத்தில் வண்டி நிறுத்தும் விதி, நன்கொடைக்கு ரசீது தரும் முறை, அதன் திருத்தம், திருத்தத்துக்கு விளக்கம். எல்லாம் ஒரு நொடியில் போயின. இதுநாள்வரை ஒருவரும் ஏதும் கேட்கவில்லை.

திரையில் சிவப்பாக இருந்த இட அளவுப் பட்டை பச்சையானது. பிரதி தயாரானது. அவள் எழுதியதும் அவளுக்கு வந்ததும் சிறிய தம்ப் டிரைவில் அடங்கிவிட்டன. அதை மேசை இழுப்பறையில், அவள் கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதற்குமேல் அவள் பெட்டியைத் தொடாமலே விட்டிருக்கலாம். இடம்தான் கிடைத்துவிட்டதே. ஆனால் சனங்கள் இன்னும் அவளுக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள். தலைவரின் முகவரியைத் தளத்தில் போட்டுவிட்டு, அவள் பெயருக்கு எதிரே இருந்த பட்டனை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று பேனல் கேட்டது. ஆம் என்றேன். வீட்டில் அன்று என்னிடம் எதையாவது கேட்டது அது மட்டும்தான்.

ஒரு பெட்டியை மூடினால், அந்த முகவரிக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அதுவும் முறைதான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "சோதனை" என்று மட்டும் தட்டி, கைப்பேசியில் உள்ள என் வேறொரு மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன்.

உடனே திரும்பி வந்தது. இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை.

தலைவரைக் கூப்பிட்டு, எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றேன்.