அஞ்சாலை இருந்த வளை

என் நாத்தனார் ஜுவேனாவுக்கு வாய் நீளம். பெம்பா தீவில் எங்கள் ஊர்ப் பெண்கள் கடல் வற்றும் நாளில் பவளப்பாறைக்கு எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்க வரிசையாகப் போவோம். பதினொரு வருஷமாக முன்னால் நடந்தவள் அவள்தான். முன்னால் நடப்பவளுக்குக் கலங்காத தண்ணீர். பின்னால் வருகிறவர்களுக்குச் சேறும் அவள் பேச்சும்.

வளை வாசலில் கிடக்கிற நண்டு ஓடுகளைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா, சாப்பிட்டாயிற்றா என்று சொல்லிவிடுவாள். சொந்தப் புருஷன் சாப்பிட்டானா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மூன்று மாதம் யாரும் பாறையை மிதிக்காவிட்டால் கணவாய் பெருக்கும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அப்போது ஹிதாயா எழுந்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"தொறக்கிற அன்னைக்கு யாரு பெரிசா பிடிக்கிறாங்களோ, அவங்கதான் இனிமே முன்னாடி நடக்கணும். அந்த எடம் என்ன பரம்பரைச் சொத்தா?"

"சரிடி. என் முதுகைப் பாத்துப் பாத்து உனக்கு அலுத்துப்போச்சு" என்றாள் ஜுவேனா.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் மட்டும், "பாறை ஓரத்துல ஒரு பெரிய வளை பாத்து வச்சிருக்கேன் சுபிரா. பெரிய வீட்டுக்குப் பெரிய ஆளுதான் குடிவரும்" என்றாள்.

திறந்த நாளில் நேராக அங்கே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வளையை மறைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளே பாம்பாட்டம் அஞ்சாலை மீன் கெடக்கு. கடிச்சா விரல் போயிரும். எல்லாரும் அந்தப் பக்கம் போங்க."

தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் எழுந்து போய், உள்ளங்கை அளவில் ஒன்றைப் பிடித்தாள். ஹிதாயா கொண்டுவந்தது நாலு கிலோ.

"பதினோரு வருஷம் முன்னாடி நடந்தவ கொசு பிடிச்சுட்டு வந்திருக்கா" என்று கரையில் சிரித்தார்கள். ஜுவேனா வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் சந்தேகமும் வந்தது. இடம் போனாலும் போகட்டும், பெரிய கணவாயைத் தனியாக அமுக்கப் பார்க்கிறாளோ என்று.

மறுநாள் கணவாய் குத்தும் கம்பியோடு நானே போனேன். அஞ்சாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாசலைக் கற்கள் அடைத்திருந்தன. ஒன்றை எடுத்தேன். உள்ளே வெளுத்து இளைத்த தாய்க் கணவாய். அதன் பின்னால் அரிசி அளவு முட்டைகள் சரம் சரமாகத் தொங்கின. அது அவற்றின்மேல் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தது. முட்டை பொரிகிறவரை அது தின்னாது, பொரிந்ததும் செத்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இழுத்துப் போடுவோம். நானும் இழுத்திருக்கிறேன்.

ஒரு கால் மெல்ல வெளியே நீண்டு, என் கையிலிருந்த கல்லைப் பற்றியது. கொடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த தடவை கடல் வற்றியபோது ஹிதாயா முன்னால் நடந்தாள். நான் ஜுவேனா பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"மதினி, அஞ்சாலையைப் பாத்தேன்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னடி பண்ணினே?"

"கல்லைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஹிதாயாகிட்ட சொல்லட்டுமா? சொன்னா எடத்தை விட்டுருவா."

"விடுவா. பாவம் பாத்து விடுவா. அப்படி விட்ட எடத்துல நடக்க எனக்குக் கால் வராது" என்றாள். பிறகு ஹிதாயாவைப் பார்த்து, இப்படி எருமை மாதிரி மிதித்தால் எந்தக் கணவாய் இருக்கும் என்று சத்தம் போட ஆரம்பித்தாள்.