கண்ணுக்குத் தெரியாத குறி

கேளம்பாக்கத்தில் எங்கள் ஆபீஸ் மேசைமேல் ஒரு போன் கிடந்தது. இன்னும் வெளிவராத ஒரு படம் அதில் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். போனைக் கொண்டுவந்து வைத்தவர் அந்தப் படத்தின் தயாரிப்பாளர்.

எங்கள் மேடம் நடத்திய சிறிய நிறுவனம் அது. வெளியே போகும் ஒவ்வொரு படப் பிரதிக்குள்ளும் டிஜிட்டல் வாட்டர்மார்க் என்ற ரகசியக் குறியைப் பதிப்பது எங்கள் வேலை. பார்ப்பவருக்குப் படம் மட்டுமே தெரியும். எங்கள் மென்பொருளுக்கோ அது யாருக்குக் கொடுத்த பிரதி என்று தெரிந்துவிடும். திரையைப் போனில் படம்பிடித்தாலும் அந்தக் குறி அழியாது.

தயாரிப்பாளர், வெளியீட்டுக்கு முன் படத்தைப் போட்டுப் பார்த்த செங்கல்பட்டு தியேட்டரின் ஆபரேட்டரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். போலீசுக்குப் போகப்போவதாகச் சத்தம் போட்டார். ஆபரேட்டர் அழாத குறை.

"நான் இன்னா மேடம் பண்ணேன்? படத்த ஓட்டினேன், வூட்டுக்குப் போய்ட்டேன். பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம். போலீசு வந்தா எல்லாம் பூடும்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். குறி சொல்லட்டும்" என்றார் மேடம்.

குறி சொல்லிற்று. அது தியேட்டர் பிரதி அல்ல. தயாரிப்பாளரின் வீட்டுக்கே அனுப்பிய பிரதி. அதை மருமகனிடம் பார்க்கக் கொடுத்ததாக அவர் மெல்லச் சொன்னார். பிறகு மேடத்தைத் தனியே அழைக்காமல், என் எதிரிலேயே கேட்டார்: "தியேட்டர் காப்பின்னே எழுதிக் குடுத்துடுங்க. இனிமே என் படம் எல்லாம் உங்களுக்குத்தான்."

அன்று எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர். மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவ மாத்திச் சொன்னேன்னா, அப்புறம் நான் வைக்கிற குறிய யார் சார் நம்புவாங்க?" உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெளியே காத்திருந்த ஆபரேட்டரிடமும் ஒரு நகலைத் தாமே கொடுத்தார். தயாரிப்பாளர் அதோடு போய்விட்டார். சில மாதங்கள் எங்களுக்குச் சம்பளமே இழுபறிதான். ஆனாலும் வேறு வேலை தேட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வேலை பார்க்கிறேன் என்று சொல்லும்போதே தலை நிமிர்ந்தது.

பிறகு ஒரு நாள், மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தன் கடற்கரையைப் பற்றித் தன் முதல் படத்தை எடுத்து முடித்திருந்தாள். செங்கல்பட்டு ஆபரேட்டர்தான் அனுப்பினாராம். படம் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கையிலேயே பிடித்தபடி கேட்டாள்:

"நானே வெளிய வுட்டாலும் காட்டிக் குடுத்துடுமா மேடம்?"

"நீயா இருந்தாலும்தான்."

அவள் சிரித்தாள். "அப்ப நீங்களே வச்சிக்கிங்க" என்று மேடத்தின் கையில் கொடுத்தாள்.