பால்பாவாவின் பிக்கப்பைத் தள்ளிய காலைகள்

நற்பிட்டிமுனையில் முகைதீன்பாவா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். பால்பாவா வீடு என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். இருபத்திரண்டு வருசமாகப் மாட்டுப் பட்டி பட்டியாகப் போய்ப் பால் ஏற்றுகிற மனிசன். மாவடிப்பள்ளிப் பக்கத்து மாட்டுக்காரர்கள் அவருடைய பிக்கப்பின் ஹோர்ன் சத்தத்தை வைத்துத்தான் நேரம் சொல்லுவார்கள். அத்தனை வருசத்தில் ஒரு கேன் பால் அவர் கையில் திரைந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் மனிசனுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிரட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

அந்த நெஞ்சை இந்த வருசம் ஒரு பற்றறி வந்து குனிய வைத்தது.

பிக்கப்புக்கு வயது முப்பதுக்குக் கிட்ட. டீசல் வண்டி. கதவு சாத்தினால் அடுத்த வீட்டுக் கோழி எழும்பும். ஆனாலும் மாரியில் வாய்க்கால் உடைந்து தெருவில் தண்ணீர் பாய்ந்த நாளிலும் நடு வழியில் நின்ற வண்டி அல்ல. அப்பேர்ப்பட்டது நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து படுத்துவிட்டது. பின்னேரமும் ஓடிய நாள் என்றால் மறுநாள் கிளம்பும். காலையில் பால் இறக்கிவிட்டு வந்து அப்படியே நிறுத்திய நாள் என்றால் போச்சு. மறுநாள் விடியச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பள்ளத்தில் உருட்டிக் கிளப்பலாம் என்றால் இந்தக் கரையோர ஊரில் மேடு எங்கே, பள்ளம் எங்கே? கடலில் இருந்து வயல் வரைக்கும் தட்டுப் போலக் கிடக்கிற பூமி. ஆட்கள்தான் தள்ள வேண்டும். விடியற்காலைத் தொழுகையான சுபஹ் நேரத்தில் ஆட்களுக்கு எங்கே போவது? நல்ல காலம், பள்ளிவாசல் நாலு வீடு தள்ளித்தான். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தொழுகையில் நின்ற சப்பு வரிசை கலையாமல் அப்படியே வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பார்கள். முன் வரிசையில் தொழுதவர்கள் பின்பலகையில் கை வைப்பார்கள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிடிப்பார்கள்.

"காக்கா, உங்கட வண்டியால நம்மட பள்ளிக்குப் பறக்கத்து. தொழ வராதவனும் தள்ள வாறான்," என்று, அவரை அண்ணன் முறையில் காக்கா என்கிற சீனிமுகம்மது பின்பலகையில் நின்று ஒருநாள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பால்பாவாவும் சிரித்தார். உள்ளுக்குள் வெட்கத்தில் செத்துப் போனார்.

செய்யாத வைத்தியம் இல்லை. புதுப் பற்றறி போட்டார். பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டனேட்டரைக் கல்முனையில் கழற்றிக் கொடுத்துச் செப்புக் கம்பி சுற்றி எடுத்தார். ஸ்டாட்டரையும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ரெண்டு மூன்று நாள் வண்டி மாப்பிள்ளை மாதிரி நடக்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி!

"இது கண்ணூறு. பறையிறன் கேளுங்க," என்றார் அவருடைய மனைவி ஸுஹைறா. தண்ணீர் ஓதி எடுத்துவந்து பொனட்டின் மேல் தெளித்தார். தெளித்தது மட்டுமா, வண்டிக்குள் இருக்கிற ஓதும் பெட்டியின் சத்தத்தையும் ஒரு மடங்கு கூட்டி வைத்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும். முன்பெல்லாம் விடியற்காலையில் பால்பாவா வண்டியைக் கிளப்பும்போது ஸுஹைறா கேற்றடிக்கு வந்து நிற்பார். பிரயாணத்துக்கான பிரார்த்தனையான துஆவை ஓதி, அவர் பக்கமாக மூன்று தரம் ஊதுவார். பனியோ மழையோ, ஒருநாள் தப்பாது. போன நோன்பில் ஸுஹைறாவின் தம்பி இன்பாஸ் கொழும்பில் இருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து வண்டியில் பூட்டினார். சாவியைத் திருப்பினால் அது தானாகவே துஆவை ஓதும். "இனி எனக்கென்ன பயம்? பெட்டி ஓதும்," என்று ஸுஹைறா தொழுத பாயிலேயே இருந்துவிட்டார். பால்பாவாவும் "நல்லந்தானே" என்றுவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அந்தக் கேற்றடி அவருக்கு வெறிச்சென்று கிடந்தது. அதை யாரிடம் சொல்வது? ஐம்பத்தாறு வயது மனிசன், பொஞ்சாதி வாசலில் நிற்கவில்லை என்று அழுவதா?

பெருநாள் நெருங்கிய ஒருநாள் ஸுஹைறாவைக் கல்முனைக்கு ஏற்றிப் போனபோது இன்னொரு வில்லங்கம். டீசல் அடிக்கப் பெட்ரோல் செட்டில் பால்பாவா சாவியை எடுக்க, ஓதல் பாதி வசனத்தில் அறுந்து நின்றது. ஸுஹைறா பதறிப் போனார். "படச்சவனே, ஓதலப் பாதியில அறுக்கிறதா? இது எவ்வளவு அதபில்லாத, மரியாத கெட்ட வேல!" பிறகு என்ன, இன்பாஸ் திரும்ப வந்தார். வீட்டு வயரிங்கில் அவரை அடிக்க ஊரில் ஆள் இல்லை. வண்டியிலும் கை வைத்து, சாவியை எடுத்தாலும் பெட்டி ஓதி முடித்துத்தான் ஓயும் மாதிரிச் செய்துவிட்டுப் போனார். தூசி படக் கூடாது என்று ஸுஹைறா பச்சை வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டார். கேடு எங்கே வந்தது என்றால், வண்டி கிளம்பாத நாளிலும் பெட்டி மட்டும் கிளம்பும். சப்பு முழுக்க நின்று முக்கித் தள்ள, உள்ளே இருந்து அது போகாத பயணத்துக்குத் துஆ ஓதும்.

போன கிழமை பால்பாவா மூன்றாவது தரமாகப் பிந்தினார். இரண்டு கேன் பால் திரைந்தது. பால் சேகரிக்கும் நிலையத்துப் பொறுப்பாளர் ஜவாத், பால்பாவாவின் முகத்தைப் பார்க்காமல்தான் கதைத்தார்.

"காக்கா, ஏழரைக்குள்ள பால் வரணும். இன்னொரு தரம் பிந்தினா என்னால ஒண்டும் செய்யேலா. பால் எடுக்கிற பாதைய வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. பாண்டிருப்பில குணம் எண்டு ஒராள், வாகன வயரிங் வேல செய்யிற பாஸ். ஒருக்காக் காட்டிப் பாருங்களன்."

பாதை போனால் பால்பாவாவிடம் வேறு என்ன இருக்கிறது? பெயரே போய்விடுமே! குணத்துக்கு உடனே கோல் எடுத்தார். கையில் வேலை இருந்ததால், அடுத்த கிழமை ஒருநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வருவதாக அவர் சொன்னார். அதுவரைக்கும் பால்பாவா வேலை இல்லாவிட்டாலும் பின்னேரங்களில் வண்டியை ஓட்டி ஓட்டிச் சமாளித்தார்.

குணம் நாற்பது வயது ஆள். அதிகம் கதைக்க மாட்டார். வந்ததும் என்ஜினைக் கிளப்பச் சொல்லி, பற்றறியில் மீற்றரை வைத்தார். பதினாலு தசம் ஒன்று வோல்ட்.

"ஓல்டனேட்டர் நல்லாத்தான் உழைக்குது காக்கா. சார்ஜ் குறையில்ல."

பிறகு என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் வாங்கி, கதவுகளைச் சாத்தி, பற்றறியில் கழித்தல் குறி போட்ட பக்கத்து வயரைக் கழற்றி, நடுவில் மீற்றரைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றரை அம்பியர் காட்டியது. வண்டி தூங்குகிறது, எவனோ பற்றறியைத் தின்றுகொண்டிருக்கிறான்.

"காக்கா, நீங்க வயல் செய்தனீங்க தானே? வாய்க்கால்ல தண்ணி சரியா வருது. வரம்பில எங்கயோ நண்டு வளை இருக்கு. விடிய விடிய ஒழுகுது."

"அல்லாஹ்வே! அப்ப நான் வாய்க்காலத்தானே தம்பி இவ்வளவு நாளும் வெட்டிக்கொண்டு நிண்டிரிக்கன்."

வளையைத் தேடும் வேலை தொடங்கியது. குணம் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பால்பாவா மீற்றரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது பியூஸ், ஒன்றரை. இரண்டாவது, ஒன்றரை. லைட், ஹோர்ன், வைப்பர், எதைப் பிடுங்கினாலும் அந்த ஒன்றரை அசையவில்லை. பியூஸ் பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. ஓல்டனேட்டர் வயரையும் கழற்றினார். அதே ஒன்றரை. நாளை விடியப் பால் காத்திருக்கும்.

"என்ன தம்பி இது, ஷைத்தானா?"

"இல்ல காக்கா. பியூஸுக்குள்ள வராத வயர் ஒண்டு ஓடுது."

பற்றறித் தலையில் அழுக்குப் படிந்த டேப் சுற்றுக்குள் ஒரு மெல்லிய சிவப்பு வயர் இருந்தது. குணம் அதை விரலால் தடவிக்கொண்டே போனார். அது என்ஜினுக்குப் பின்னால் ஏறி, ரப்பர் துளைக்குள் நுழைந்து, டேஷ்போர்டுக்கு அடியால் வளைந்து, பச்சை வெல்வெட்டுக்குள் போய் முடிந்தது. குணம் துணியின் மூலையைத் தூக்கினார். உள்ளே நீல லைட் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி வாயை மூடியிருந்ததே தவிர, ஒரு நாளும் தூங்கவில்லை.

குணம் சட்டென்று துணியைப் பழையபடி மூடினார். இறங்கிப் போய்ப் பைப்பில் அழுக்குக் கையைக் கழுவினார்.

"ஏன் தம்பி, புடுங்கன்!"

"காக்கா, அது உங்கட ஓதுற சாமான். நான் புடுங்கிறது சரியில்ல. நீங்களே புடுங்குங்க, நான் நம்பரப் பாக்கிறன்."

பால்பாவா கையை நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வயரைப் பிடுங்குவது பெரிய காரியமா? ஸுஹைறாவிடம் போய், "உன்ட துஆப் பெட்டிதான் புள்ள என்ட பொழப்பத் தின்னுது" என்று சொல்ல வேண்டுமே! அதைவிட ஜவாத்தின் காலில் விழுவது லேசு. இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேத்தண்ணியோடு வந்த ஸுஹைறா நின்றுவிட்டார். "என்ன ரெண்டு பேரும் மையித்து அடக்குற வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

பால்பாவா மென்று விழுங்கி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். ஸுஹைறா தட்டத்தைப் பொனட்டில் வைத்தார். கண் கலங்கிற்று.

"அப்ப, நான் ஆசையா வெச்ச சாமானா உங்கள ஊருக்கு முன்னால சிரிக்க வெச்ச?"

"சீச்சீ, அப்பிடி ஆரு சொன்ன? வயர் மாறிப் போச்சு, அவ்வளவுதான்," என்று பால்பாவா அவசரப்பட்டார்.

ஸுஹைறா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தலைத் துணியை இழுத்துச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, உறையைக் கழற்றி மடித்தார். சிவப்பு வயரைத் தன் கையாலேயே இழுத்தார்.

"விழுந்திட்டு!" என்று குணம் கத்தினார். கதைக்காத மனிசன் கத்தியதில் வேலியில் இருந்த காகம் பறந்தது. "காக்கா, நம்பர் விழுந்திட்டு! ஒண்டுமேயில்ல இப்ப!"

பால்பாவா மீற்றரைப் பார்த்தார். பூச்சியம், தசம், பூச்சியம் இரண்டு. அப்படியே வாசற்படியில் குந்திவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்தார்.

"பெட்டிய வீட்டுக்குள்ள வைப்பம். துஆ என்ட வாயில இரிக்கி, அதுக்கு வயர் தேவல்ல," என்றார் ஸுஹைறா.

குணம் சிவப்பு வயரை முழுவதாக உருவி எடுத்தார். "இதுக்கு ஒரு பியூஸும் போடல்ல. எங்கயாவது உரஞ்சியிருந்தா வண்டியே எரிஞ்சிருக்கும். ஆர் காக்கா இத இழுத்தது?"

புருசனும் பொஞ்சாதியும் ஒரே நேரத்தில் தென்னை மரத்தைப் பார்த்தார்கள். இன்பாஸின் பெயர் அன்று அந்த வீட்டு வளவில் யார் வாயிலும் வரவில்லை. குணமும் திரும்பிக் கேட்கவில்லை. பற்றறியைத் தன் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி, பொழுது படுகிற மஃரிபுக்கு முன்னம் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தார்.

மறுநாள் சுபஹ் தொழுகையில் பால்பாவா என்ன ஓதினார் என்று அவருக்கே தெரியாது. முழு வண்டியும் நெஞ்சுக்குள் நின்றது. தொழுது முடிந்து வெளியே வந்தால், முன் சப்பு வழக்கம் போலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது! வேண்டாம் என்று சொல்லவும் பயம். கிளம்பாவிட்டால்?

ஏறி இருந்தார். கேற்றடியில் ஸுஹைறா நின்றார். தூக்கம் கலையாத முகத்தோடு துஆவை ஓதி, மூன்று தரம் ஊதினார். அதற்குப் பிறகுதான் பால்பாவா சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பிற்று. பின்பலகையில் முழுப் பலத்தையும் சாய்த்து நின்ற சீனிமுகம்மது, வண்டி நகர்ந்ததில் தெருவில் முழங்கால் குத்தி விழுந்தார். "கொல்லப் பாக்கிறீங்களா காக்கா?" என்று கத்திக்கொண்டே எழும்பி, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினார். பால்பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹோர்னை விடாமல் அடித்தார்.

ஏழு பத்துக்குப் பால் நிலையத்தில் கேன்கள் இறங்கின. ஜவாத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பால்பாவாவைப் பார்த்தார்.

"பாதை உங்கடதான் காக்கா. இனி என்ன யோசன, போய்த் தேத்தண்ணி குடிங்க."

அதற்கடுத்த நாள் காலை. வீதியில் தள்ள யாரும் வரவில்லை. பால்பாவா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கேற்றடியில் ஓதிக்கொண்டு நின்ற ஸுஹைறாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவசரமாக ஊதி முடித்து ஓடி வந்தார்.

"ஏன் கிளப்பாம இரிக்கிறீங்க? திரும்பவும் பழுதா?"

"இல்ல புள்ள. வண்டி நல்லாத்தான் இரிக்கி. கனநாளாப் பாக்கல்லையே, நேத்தும் வண்டிப் பயத்தில சரியாப் பாக்கல்ல, நீ ஓதி முடிக்கிறவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்," என்றார் பால்பாவா.

ஸுஹைறா வெட்கப்பட்டு, "போங்க, பால் திரையப் போகுது," என்று பிக்கப்பின் கதவைத் தட்டினார். பால்பாவா வண்டியைக் கிளப்பினார்.